டீச்சரம்மா ஓட்டிய வண்டி

பொய் சொல்லப் போகும்போதெல்லாம் அவளுடைய புருஷன் காரின் பானெட்டைத் துடைப்பார்.

கால்சட்டையின் பின்பையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி செருகியிருக்கும். வண்டி வாங்க வந்தவர் ஏதாவது கேட்டால் போதும், பதிலுக்கு முன்னால் துணி வெளியே வந்துவிடும். பொய்யின் அளவுக்குத் தக்கபடி துடைக்கும் இடமும் இருக்கும். "பேட்டரி போன மாசம்தான் மாத்தினது" என்பதற்கு உள்ளங்கை அகலம் போதும். "எங்கயும் இடிச்சதே இல்ல" என்றால் பாதி பானெட். "இஞ்சின் பக்கம் ஸ்பேனரே போனதில்ல சார்" என்று சொல்லும்போது மொத்த பானெட்டையும் முடித்துவிட்டு, விளக்குக்கு இறங்கி, நம்பர் பலகை வரைக்கும் போவார். கல்யாணமான புதிதில் அவள் இதைச் சுத்தம் என்று நினைத்தாள். மனுஷர் எவ்வளவு பதவிசு என்று தன் அக்காவிடம் பெருமை வேறு பேசியிருக்கிறாள். எட்டு வருஷம் கழித்துத்தான் விஷயம் விளங்கியது. அதற்குப் பிறகு பதினான்கு வருஷமாக அவர் பேசுவதைக் கேட்பதையே விட்டுவிட்டாள். துணியைப் பார்த்தால் போதுமே.

பழைய கார் வாங்கி விற்பது அவர் தொழில். பெரிய சாலையிலிருந்து சந்துக்குள் திரும்பினால் ஒரு காலி மனை, சுற்றித் தகர வேலி, தள்ளித் திறக்கிற இரும்புக் கேட், மூலையில் ஒரு கொட்டகை. கொட்டகைக்கு ஆபீஸ் என்று பெயர். அதற்குப் பின்னால் இரண்டு அறை வீடு. தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஒரே கை' என்றால்தான் தெரியும். எந்த வண்டியைக் காட்டினாலும் "ஒரே கை ஓட்டின வண்டி" என்பார். ஒரே ஆள் வாங்கி, அவரே ஓட்டி, நேராக இங்கே வந்து சேர்ந்தது என்று அர்த்தம். பக்கத்துப் பட்டறையில் நசுங்கின கார்களைத் தட்டி எடுக்கிற டிங்கர்தான் அந்தப் பெயரை வைத்தவர். பெயரை மட்டும் கேள்விப்பட்டு வந்தவர்கள் இரண்டு கையும் நன்றாக இருக்கிற மனிதரைப் பார்த்து ஏமாந்து போவதுண்டு. அவரிடம் ஏமாறுவதில் அது முதல் தவணை.

அந்த ஒரே கை யாருடைய கை என்று கேட்டால், டீச்சரம்மாவுடையது.

டீச்சரம்மாவைத் தொழில் தொடங்கிய முதல் வருஷமே அவர் உண்டாக்கிவிட்டார். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து வீடு. மழை வந்தால் வண்டியை வெளியே எடுக்க மாட்டார். பிள்ளைகள் இல்லை, அதனால் சீட்டில் கறை இல்லை. இப்போது வெளிநாட்டில் இருக்கும் தம்பியோடு போய் இருக்கப் போகிறார், மனசே இல்லாமல் விற்கிறார். இந்த அம்மாள் இப்படி வெளிநாடு போனது நாற்பது தடவையாவது இருக்கும். சின்னக் கார், பெரிய கார், டீசல் கார், எல்லாம் டீச்சரம்மா ஓட்டியவைதான். ஒருமுறை ஒரு சரக்கு வேனுக்கே டீச்சரம்மாவை அழைக்க வாயெடுத்தார். பின்பக்கம் கிடந்த வெங்காயத் தோல் கண்ணில் பட்டதும் நிறுத்திக்கொண்டார்.

அவளுக்கு அந்த டீச்சரம்மாவைப் பிடிக்காது. இல்லாத ஒருத்திக்கு அவர் எவ்வளவு செய்திருக்கிறார்! சம்பளம் கொடுத்தார், தம்பி கொடுத்தார், விமானச் சீட்டுக் கொடுத்தார், நாற்பது கார் கொடுத்தார். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, இருக்கிறேனா இல்லையா என்று தெரியாமல் வீட்டில் வளைய வரும் பெண்டாட்டிக்குக் கொடுத்தது ஒரு வாளியும் இரண்டு பழந்துணியும்.

வண்டி கழுவுவது அவள் வேலை. பழைய சட்டை ஒன்றை மேலே போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினால் மத்தியானம் ஆகிவிடும். வாங்க வருகிறவர்கள் அவளைத் தாண்டிப் போவார்கள், வாளியைத் தாண்டிப் போவது போல. அவள் அதைக் குறையாக நினைத்ததில்லை. யாரும் பார்க்காத ஆள் எல்லாரையும் பார்க்கலாம். டயரை உதைப்பவர்கள் உண்டு. உதைத்தால் என்ன தெரியும் என்பது உதைப்பவருக்கும் தெரியாது, டயருக்கும் தெரியாது. கூடவே 'மெக்கானிக் நண்பர்' ஒருவரை அழைத்து வருவார்கள். அவர் கதவைத் திறந்து திறந்து சாத்திவிட்டு "ம்ம்..." என்பார். அந்த 'ம்ம்'முக்குத்தான் அவருக்குச் சாப்பாடு. ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்துப்போய் மாமியாரை ரயிலேற்றிவிட்டுத் திரும்பிய மகராசன்களும் உண்டு. பெட்ரோல் யாருடையது?

ஏமாற்ற வருகிறவர்களை ஏமாற்றும் தொழில் இது என்று அவர் சொல்வார். அது மட்டும் துணி இல்லாமல் சொல்வது.

ஏழு வண்டி நிற்கிற இடத்தில் பதினொன்று நிற்கும். அதில் நல்ல பேட்டரி ஒன்றே ஒன்று. எந்த வண்டியைப் பார்க்க ஆள் வருகிறாரோ அந்த வண்டிக்குள் பேட்டரி போகும். போன மாசம் மாற்றியது என்று அவர் சொல்லும் பேட்டரி உண்மையில் போன மணி நேரம் மாற்றியது. இரண்டு பேர் ஒரே சமயத்தில் வந்துவிட்டால் ஒருவரைக் கொட்டகையில் உட்காரவைத்துத் தேநீர் கொடுக்க வேண்டும். ஆறும்வரை குடிக்காத ஆளாக இருந்தால் நல்லது. எலி ஒயரைக் கடித்து வைக்கும். காக்காய்க்கு வெள்ளை வண்டி எது, கறுப்பு வண்டி எது என்று தெரியும், கறுப்பின் மேல்தான் உட்காரும். வேலி ஓரம் நிற்கிற வண்டியைக் கேட்டு ஒருவர் வந்துவிட்டால் முன்னால் நிற்கிற ஆறையும் நகர்த்த வேண்டும்.

அந்த நகர்த்தல் அவளுடையது. கதவை முழுக்கத் திறக்க இடமிருக்காது. உடம்பைப் பக்கவாட்டில் செருகி உள்ளே போய், ஒரு சாண் முன்னே, அரைச் சாண் பின்னே என்று நகர்த்தி, பக்கத்து வண்டியின் தூசி கூடக் கலையாமல் வெளியே கொண்டுவருவாள். "தங்கச்சி ஊசியில நூல் கோக்கற மாதிரி ஓட்டுது" என்பார் டிங்கர். பதினைந்து வருஷமாக இப்படித்தான் ஓட்டுகிறாள். ஆனால் ஒருமுறைகூடக் கேட்டைத் தாண்டியதில்லை. முதல் கியரையும் ரிவர்ஸையும் தவிர மற்ற கியர்களோடு அவளுக்குப் பழக்கமில்லை.

அவளுக்கு ஒரு வண்டி வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. மகள் வாழ்க்கைப்பட்ட வீடு இரண்டு பேருந்து மாறிப் போகிற தூரம். "போயிட்டு வரேங்க" என்றால், "இங்க வண்டிய யாரு எடுத்துக் குடுப்பா?" என்பார். "அடுத்த வண்டி உனக்குத்தான்" என்றும் சொல்வார். மூன்று தடவை கொடுக்கவும் செய்தார். முதலாவது சிவப்புக் கார், பதினொரு நாள் அவளுடையதாக இருந்தது. இரண்டாவது நான்கு நாள். மூன்றாவதற்கு அவள் தன் கையால் ஒரு குஷன் தைத்து ஓட்டுநர் சீட்டில் போட்டாள், அவள் குள்ளம். அதை அவர் குஷனோடு சேர்த்து விற்றுவிட்டு வந்தார். "குஷன பார்த்துத்தான் அந்தாளு மயங்கினான், உனக்குக் கைராசி" என்று பாராட்டு வேறு.

அதன் பிறகு அவள் கேட்கவில்லை. அவர் முணுமுணுப்பைக் காதில் வாங்காமல், மகளைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, மகள் வீட்டுத் தெருமுனையில் இருந்த டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். சொல்லித்தருகிற ஆள் குழம்பிப்போனார். பின்பக்கமாகப் போகச் சொன்னால் மீன் மாதிரிப் போகிறாள், நேர்ச் சாலையில் விட்டால் முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு ஊர்கிறாள். "அம்மா, நீங்க இதுவரைக்கும் எங்க வண்டி ஓட்டினீங்க?" என்று கேட்டார். "வீட்லதான்" என்றாள். எட்டே வகுப்பில் லைசென்ஸ் வந்தது. அதை வண்டிகளின் பழைய சீட்டு உறைகளுக்கு நடுவில் ஒளித்து வைத்தாள். துவைக்கிற துணியை அவர் ஒருநாளும் தொடமாட்டார்.

இப்படி இருக்கையில்தான் ஒருநாள் காலை, இளநீல நிறத்தில் ஒரு சின்னக் கார் தானாகவே கேட்டுக்குள் வந்து நின்றது. வயதான அம்மாள் ஒருவர் இறங்கினார். கையில் ஒரு நோட்டுப் புத்தகம்.

"வண்டி விக்கணும். ரெண்டாவது கியர் காலைல முதல் தடவை சிக்கும். பின்னால இடது பக்கத்துக் கண்ணாடி இறங்காது. ஸ்கூல் கேட்ல ரெண்டு தடவை இடிச்சிருக்கேன், ரெண்டும் என் தப்பு. எல்லாம் இதுல தேதியோட இருக்கு."

ஒரே கை பழக்க தோஷத்தில் துணியை எடுத்தார். பிறகு, பேசிக்கொண்டிருப்பது தான் இல்லை என்பதும், அங்கே பொய்யே இல்லை என்பதும் உறைத்து, அதைத் திரும்பச் செருகினார்.

"என்னம்மா வேலை பார்த்தீங்க?"

"டீச்சர்."

வேலிக்கு அந்தப் பக்கம் டிங்கரின் சுத்தியல் சத்தம் நின்றது.

"வெளிநாட்டுக்குப் போறீங்களா?" என்று கேட்ட அவர் குரல் இறங்கியிருந்தது.

"நான் ஏன் வெளிநாடு போறேன்? கண்ணு சரியில்ல, டாக்டர் ஓட்ட வேணாம்னுட்டார். ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு."

பேரம் பேசி, கையோடு பணத்தை வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் டீச்சர். வாங்குபவர் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. இந்தத் தொழிலில் அந்த இடம் எப்போதும் காலிதான். வியாபாரி தன் பெயருக்கு மாற்றினால் செலவு. எவன் தலையில் கட்டுகிறோமோ அவன் பெயரை அங்கே எழுதிக்கொள்ளலாம். போகும்போது, வாளியோடு நின்றவளைப் பார்த்து டீச்சர் நின்றார். அந்த மனைக்கு வந்தவர்களில் அவள் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் ஆள்.

"நீ ஓட்டுவியாம்மா?"

"உள்ள மட்டும்."

"உள்ள மட்டும்னா என்ன அர்த்தம்?" என்றார் டீச்சர். பதிலுக்குக் காத்திருக்காமல் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

டிங்கர் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். "மாப்ள! இருபது வருஷமா கூப்பிட்டுக்கிட்டே இருந்தியே, கடைசியில வந்துட்டாங்க பாரு!"

சிரிப்பு அன்றோடு முடியவில்லை. அந்த வண்டி விலைபோகவில்லை. இருபது வருஷத்தில் முதல்முறையாக ஒரே கையிடம் நிஜமாகவே ஒரே கை ஓட்டிய, நிஜமாகவே டீச்சரம்மா ஓட்டிய வண்டி வந்திருந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தாலே எதிரில் நிற்பவர் பல்லைக் காட்டினார். ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் கதை தெரியும், மீதிப் பேர் அந்தக் கதையிலேயே ஏறி அமர்ந்து போனவர்கள். மீட்டரில் ஓடிய தூரம் குறைவாக இருந்தது. "மீட்டரத் திருப்பிட்டீங்களா?" என்று கேட்டார் ஒரு மெக்கானிக் நண்பர். எத்தனையோ மீட்டரைத் திருப்பியபோது வராத ரோஷம் திருப்பாத மீட்டருக்காக வந்தது. "என்னைப் பார்த்து அப்படிக் கேட்டுட்டானே!" என்று ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். ஒரு வாரம் கழித்து, கான்ட்ராக்டர் ஓட்டிய வண்டி என்று சொல்லிப் பார்த்தார். ஓட்டுநர் சீட்டைத் தவிர மற்ற சீட்டெல்லாம் புதிதாக இருந்தன, அதுவும் எடுபடவில்லை. கடைசியில், மீட்டரைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் நம்புவார்களா என்று டிங்கரிடம் யோசனை கேட்கிற அளவுக்கு வந்துவிட்டார். உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு அதை விற்கத் தெரியாமல் முழிக்கும் மனிதரை அவள் வாளியில் பழந்துணியைப் பிழிந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயோ பாவம் என்று தோன்றவில்லை. தோன்றும் என்று எதிர்பார்த்தாள், தோன்றவில்லை.

அந்த வண்டியைக் கழுவியபோது சீட்டு இடுக்கில் அவள் கைக்குச் சிக்கியவை இரண்டு சாக்பீஸ் துண்டுகள். மற்ற வண்டிகளின் இடுக்கில் என்னென்னவோ கிடைக்கும். டாக்சியாக ஓடியதற்குச் சில்லறையும் ரசீதும், குடும்ப வண்டிக்குப் பால்புட்டியும் ஹேர்பின்னும். ஒருமுறை பல்செட்டே கிடைத்தது. இடுக்கில் கிடப்பது பொய் சொல்லாது. இந்தச் சாக்பீஸ் அவளை என்னவோ செய்தது. நோட்டுப் புத்தகத்தை எடுத்து, எழுத்துக்கூட்டி, நான்கு மத்தியானங்களில் முழுவதும் வாசித்தாள். எண்ணெய் மாற்றிய தேதி, கேட்டில் இடித்த தேதி, மழையில் நின்றுபோன தேதி. ஆமாம், மழையிலும் ஓட்டியிருக்கிறார்.

அன்று சாயங்காலம் பல வருஷங்களுக்குப் பிறகு வாய்விட்டுக் கேட்டாள். "என்னங்க, இது எப்படியும் போகல. நான் வச்சிக்கட்டுமா?"

அவர் இளநீலக் காரின் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "வச்சிக்கயேன். ஒரு மாசம் பார்ப்போம். போகலன்னா உனக்குத்தான். வேற யாருக்கு?"

சொல்லிக்கொண்டே துணியை எடுத்தார். பானெட், விளக்கு, நம்பர் பலகை. குனிந்து அடிப்பக்கத்தைக்கூடத் துடைத்தார்.

சரி என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். வெறுப்பு என்பது சூடாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அது ஆறிப்போன தண்ணீர் மாதிரி இருந்தது. குடிக்கவும் முடியாது, கொட்டவும் மனசு வராது.

இருபத்தேழாவது நாள் மருந்துக்கடைக்காரர் வந்தார். கேட்டருகே டயர் கழுவிக்கொண்டிருந்தவளிடம், "ஏம்மா, ஓனர் இருக்காரா?" என்று கேட்டார். அவள் கையைக் காட்டினாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே மனையில் வண்டி வாங்கியவர் அவர். இப்போது மகளுக்கு ஒன்று வேண்டுமாம். இளநீலக் காரைச் சுற்றி வந்தார்.

"யாரு ஓட்டினது?"

ஒரே கை தயங்கினார். வேறு வழியில்லை. "டீச்சரம்மா."

மருந்துக்கடைக்காரர் இடுப்பில் கைவைத்துக்கொண்டார். "எனக்கு முன்னாடி குடுத்ததும் டீச்சரம்மா வண்டிதான். எங்க மச்சானுக்குக் குடுத்ததும் அதே டீச்சரம்மா. அந்தம்மா பாடம் நடத்தினாங்களா, பஸ் கம்பெனி நடத்தினாங்களா?"

"இது நிஜ டீச்சர் சார்!"

"அப்ப அதெல்லாம்?"

துணி அந்தரத்தில் நின்றது. எங்கே துடைப்பது என்று அதற்கே தெரியவில்லை.

"இங்க பாருங்க," என்றார் மருந்துக்கடைக்காரர். "எனக்கு வண்டி பிடிச்சிருக்கு. அந்த டீச்சரம்மாவ நாளைக்குப் பத்து மணிக்கு இங்க வரச் சொல்லுங்க. நேர்ல பேசறேன். திருப்தியா இருந்தா அங்கயே வாங்கிக்கறேன். அவங்க வரலன்னா ஊர் முழுக்கச் சொல்றேன்."

அவர் போனதும், "நிஜ டீச்சரத்தான் கூப்பிடுங்களேன், ரெண்டு தெருதானே" என்றாள் அவள்.

"உனக்கு மூளை இருக்கா? அந்தம்மா வாயத் திறந்தா முதல் வார்த்தையே ரெண்டாவது கியர் சிக்கும்னுதான் வரும். நாக்கா அது, தேதி போட்ட ரசீது!" அவர் கொட்டகைக்குள் நடந்தார், திரும்பினார், நின்றார். அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். வண்டியின் பெயிண்டைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நீ வாயேன்."

"எங்க?"

"டீச்சரா. அந்தாளு உன்னப் பார்த்ததில்ல."

இன்றைக்குக் காலையில்தான் அவளிடம் வழி கேட்டுவிட்டுப் போனார் என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு, அவர் சொல்வதும் சரிதான் என்று பட்டது. பார்க்கவில்லைதான்.

"நான் ஏழாவது படிச்சவ."

"அதனால என்ன? நீ சும்மா நில்லு, பேச வேண்டியத நான் பேசறேன். கேட்டா தலைய ஆட்டு. கணக்கு டீச்சர்னு சொல்லு, கணக்குன்னா எவனும் மேல கேக்க மாட்டான்." உற்சாகம் வந்துவிட்டது அவருக்கு. தன் வாசிப்புக் கண்ணாடியைக் கொண்டுவந்து அவள் மூக்கில் மாட்டினார். "பாரு! அசல்!"

இருபது வருஷமாக அவள் இடத்தில் ஒரு டீச்சரம்மா நின்றாள். இனி டீச்சரம்மா இடத்தில் அவள் நிற்க வேண்டும். நிஜமான டீச்சர் கூப்பிடு தூரத்தில் இருக்க, பொய் டீச்சரைத் தேடுகிற மனிதரிடம் என்ன சொல்வது?

மறுநாள் பத்து மணிக்கு இஸ்திரி போட்ட சேலையும் கண்ணாடியும் கைப்பையுமாகக் கொட்டகை வாசலில், இளநீலக் காரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கைப்பைக்குள் என்ன இருந்தது என்று அவர் கேட்கவில்லை. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தையும் டீச்சர் கையெழுத்துப் போட்ட படிவத்தையும், காட்டத் தோதாக, காரின் முன்பக்கப் பெட்டிக்குள் எடுத்து வைத்திருந்தார். மருந்துக்கடைக்காரர் வந்து அவளைப் பார்த்து காலில் விழாத குறையாகக் கும்பிட்டார். கண்ணாடி வழியாக அவர் மங்கலாகத் தெரிந்தார். அவரை அவ்வளவு பார்த்தால் போதும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"டீச்சர், எந்த வகுப்பு எடுத்தீங்க?"

"ஏழாவது வரைக்கும்."

"வண்டி எப்படிங்க?"

ஒரே கை முந்திக்கொண்டார். "ஒரு குறையும் கிடையாது சார், டீச்சரம்மா பூ மாதிரி..." துணி பானெட்டில் இறங்கியது.

"ரெண்டாவது கியர் சிக்கும்," என்றாள் அவள்.

துணி நின்றது.

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. குறைகளையெல்லாம் கேட்டால் மனிதர் ஓடிவிடுவார், வண்டி நிற்கும் என்பது அவள் கணக்கு. "காலைல முதல் தடவை. அப்புறம் சரியாகிடும். பின்னால இடது பக்கக் கண்ணாடி இறங்காது. ஸ்கூல் கேட்ல ரெண்டு தடவை இடிச்சிருக்கேன். ரெண்டாவது தடவை வாட்ச்மேனோட நாற்காலி போச்சு. மழையில ஒரு தடவை நின்னிருக்கு. எல்லாம் நோட்டுல இருக்கு, பாருங்க." கைப்பையிலிருந்து டீச்சரின் நோட்டை எடுத்து நீட்டினாள்.

ஒரே கை பானெட்டை வேக வேகமாகத் துடைத்தார். தான் எதுவும் சொல்லாமலே துடைத்தார். மருந்துக்கடைக்காரர் நோட்டைப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் மலர்ந்தது.

"டீச்சர், இந்த மாதிரி உள்ளத உள்ளபடி சொல்றவங்கள நான் பார்த்ததே இல்ல. பேரமே வேணாம். கேட்ட விலைக்கு எடுத்துக்கறேன்." அவர் கை சட்டைப்பைக்குள் போனது.

இருபது வருஷமாகப் பொய்யால் விற்ற இடத்தில், அவள் வண்டியை அவளே உண்மையால் விற்றுவிட்டாள். ஒரே கையின் முகத்தைப் பார்த்தாள். அங்கே சற்று முன்பிருந்த பீதி போய், 'அட, இப்படியும் விற்கலாமா' என்கிற பேராசை ஊறிக்கொண்டிருந்தது. இனிமேல் உண்மையையும் இந்த ஆள் நாறடித்துவிடுவார் என்று தோன்றியது. அந்த முகம்தான் அவளுக்குத் தைரியம் கொடுத்தது.

"இல்லங்க," என்றாள். "நான் விக்கல."

"டீச்சர்?"

"மனசு வரல. மக வீட்டுக்குப் போக வர வேணும். மன்னிச்சிக்கங்க, உங்கள அலைய வச்சிட்டேன்."

"டீச்சர்... நாமதான் பேசி..." என்று ஒரே கை சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். அவரைத் தெளிவாகப் பார்க்க வேண்டியிருந்தது. "இது என் வண்டிதானே?"

மருந்துக்கடைக்காரர் அவரைப் பார்த்தார். வேலிக்கு மேலே டிங்கரின் தலையும் இருந்தது. இல்லை என்றால் இவள் யார் என்று சொல்ல வேண்டும். இவள் யார் என்று சொன்னால் இருபது வருஷமும் அங்கேயே அவிழ்ந்து விழும். மனிதர் ஒரு நிமிஷம் உண்மைக்கும் வாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தார்.

"ஆமா டீச்சர். உங்க வண்டிதான்."

"அப்ப சாவியக் குடுங்க."

சாவி வந்தது. டீச்சரம்மா வந்த காரியம் முடிந்தால் வீட்டுக்குத்தானே போக வேண்டும்? மருந்துக்கடைக்காரரே ஓடிப்போய்க் கேட்டைத் தள்ளித் திறந்துவிட்டார். அவள் மறுபடி கைப்பையைத் திறந்தாள். உள்ளே லைசென்ஸ் இருந்தது, புதிதாகத் தைத்த ஒரு சின்னக் குஷனும் இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வந்தது. சீட்டில் போட்டு உட்கார்ந்தாள். இரண்டாவது கியர் சிக்கியது, பிறகு விட்டுக்கொடுத்தது. சந்து முனை தாண்டிப் பெரிய சாலையில் ஏறியதும் மூன்றாவதைப் போட்டாள். வண்டி முனகுவதை நிறுத்தியது.

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது அவர் கொட்டகை வாசலில் நின்றிருந்தார்.

"என் மானத்த வாங்கிட்டியே!"

"எங்க வச்சிருந்தீங்க, வாங்கறதுக்கு?"

"புருஷன்னு ஒரு மரியாதை... சரி விடு. சாவியக் குடு. அந்தாளுகிட்ட போய் டீச்சர் மனசு மாறிட்டாங்கன்னு சொல்லிக்கறேன்."

"படிவத்துல பேர் எழுதியாச்சு. மக வீட்டுப் பக்கத்து ஆபீஸ்ல குடுத்துட்டு வந்துட்டேன்."

"யார் பேர?"

அவள் சாவியைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள். வேலிக்கு அந்தப் பக்கம் டிங்கர் இருமினார். அது இருமல் இல்லை.

அவர் நான்கு நாள் பேசவில்லை. அதை ஒரு தண்டனை என்று நினைத்தார், பாவம். ஐந்தாம் நாள் தானாகவே பேச்சு வந்துவிட்டது, காரணம் வியாபாரம். மருந்துக்கடைக்காரர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "ஒரே கை சொல்ற டீச்சரம்மா நிஜம்தாங்க, நானே கண்ணால பார்த்தேன், தங்கமான மனுஷி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சாட்சியின் பேரில் அடுத்த இரண்டு மாதத்தில் மூன்று வண்டி போயின. மூன்றும் டீச்சரம்மா ஓட்டியவை. ஒன்றில் அவள் பால்புட்டி எடுத்திருந்தாள். வாங்கினவர்களை நினைத்து அவள் தூக்கம் கெடவில்லை. நம்ப வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு வருகிறவர்களை யாரால் தடுக்க முடியும்?

மருந்துக்கடைக்காரரும் பிறகு ஒருநாள் வந்தார். தலையில் துண்டோடு டயர் கழுவிக்கொண்டிருந்தவளிடம், "ஏம்மா, ஓனர் இருக்காரா?" என்று கேட்டார். அவள் கையைக் காட்டினாள்.

இன்றைக்கு மனையில் பதினொரு வண்டிகள் விற்பனைக்கு நிற்கின்றன. நல்ல பேட்டரி இன்னும் ஒன்றுதான். கேட்டை ஒட்டி நிற்கும் இளநீல வண்டி அவள் பெயரில் இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் மகள் வீட்டுக்குப் போய் வருகிறாள், அந்த நாட்களில் வண்டிகளை அவரே நகர்த்திக்கொள்கிறார், இரண்டைக் கீறியும் இருக்கிறார். அவளுடைய வண்டியின் பானெட்டை மட்டும் அவர் துடைப்பதில்லை. அதன் மேல் தூசி படிந்திருக்கிறது.